ஏடும் கருவியும்: ஊவாத் தோட்டப்புறத்தில் தொழிற்கல்வி வந்த வழி

கொழும்பிலிருந்து பதுளை நோக்கி வரும் புகையிரதம் தெமோதரையில் ஒரு விந்தை புரிகின்றது. நிலையத்தை விட்டுப் புறப்பட்ட வண்டி, குன்றொன்றைச் சுற்றிக் கீழிறங்கி, சற்று முன்னர் தான் நின்ற அதே நிலையத்தின் அடியில் அமைந்த சுரங்கத்தினுள் நுழைந்து பதுளைக்குச் செல்கின்றது. 1894ஆம் ஆண்டிலேயே பண்டாரவளையை அடைந்துவிட்ட இருப்புப்பாதை, பதுளையை எட்டுவதற்கு 1924ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வரை முப்பது ஆண்டுகள் சென்றன. 44 அடி தூரத்திற்கு ஓர் அடிக்கு மேற் பாதை சரியலாகாது என்பது மலைநாட்டுப் புகையிரதப் பாதையின் கணக்கு. அக்கணக்கு வழுவாமல் மலையிலிருந்து இறங்குவதற்காகவே இவ்வளையம் வகுக்கப்பட்டது.

இவ்வளையத்தின் தோற்றத்தைப் பற்றி நம் ஊரில் வழங்கும் கதையொன்றுண்டு. பாதையை எவ்வாறு இறக்குவது என்று விளங்காது நின்ற பொறியியலாளர், தோட்டக் கங்காணி ஒருவர் தமது தலைப்பாகையைச் சுற்றிச் சுற்றிக் கட்டுவதைக் கண்டு, பாதையையும் அவ்வாறே சுற்றி இறக்கலாம் என்று துணிந்தாராம். அப்பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர என்று சொல்வதும் வழக்கம். கதை மெய்யோ புனைவோ, அதன் உட்கருத்து ஆழமானது. ஒருவரிடம் கைப்பழக்கம் இருந்தது; மற்றவரிடம் அதனை அளந்து, வரைந்து, கணக்கிடும் கல்வி இருந்தது. இரண்டும் சந்தித்தபோது மலை வழிவிட்டது. விமலசுரேந்திர அவர்களின் வாழ்க்கையே இதற்குச் சான்றாகும். அரசாங்கத் தொழிற்சாலையிற் கைவேலை பழகும் பயிலுநராகத் தொடங்கி, கொழும்புத் தொழினுட்பக் கல்லூரியிற் கற்றுப் பொறியியலாளராகி, இந்நாட்டு நீர்வளத்திலிருந்து மின்சக்தி பெறும் வழியை 1918ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டியவர் அவர். கருவியை முதலிற் பிடித்தார், ஏட்டைப் பின்னர்ப் பிடித்தார், இரண்டையும் விடவில்லை.

நிற்க. கங்காணியின் தலைப்பாகையைக் கதை நினைவில் வைத்திருக்கின்றது. அவருடைய பெயரை வைத்திருக்கவில்லை. அவர்தம் பிள்ளைகளுக்கும் பேரப் பிள்ளைகளுக்கும் விமலசுரேந்திர சென்ற வழி திறந்திருந்ததா என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் வினா. தொழிலும் பொதுக் கல்வியும் நம்மவர்க்கு எப்பொழுதும் தனித்தனியாகவே கிடைத்தன. இரண்டும் ஒரே கூரையின் கீழ் கிடைக்காமையே நம் பின்னடைவுக்கு ஒரு பெருங் காரணம் என்பதை வரலாறு காட்டும்.

ஸ்டோரே பள்ளிக்கூடம்

இலங்கையின் கோப்பிப் பயிரை 1869ஆம் ஆண்டிலிருந்து இலைநோய் தாக்கி அழித்தது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர், 1867இல், ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலையைத் தோட்டப் பயிராக நட்டிருந்தார். கோப்பி அழிந்த மலைகளிலே தேயிலை தழைத்தது. கோப்பிக் காலத்திற் பழம் பறிக்கும் பருவத்திற்கு வந்து, முடிந்ததும் தமிழகம் திரும்பிச் சென்றோர் பலர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. ஆதலால் தொழிலாளர் குடும்பம் குடும்பமாக லயங்களிலே தங்கலாயினர்.

தேயிலையின் மற்றொரு தன்மை நம் பொருளுக்கு முக்கியமானது. கொய்த கொழுந்து காத்திராது. அன்றன்றே வாட்டப்படல் வேண்டும். ஆதலால் தோட்டத்தின் நடுவிலேயே ஸ்டோர் எழுந்தது. தேயிலைத் தொழிற்சாலையை நம்மவர் அப்பெயரால் அழைப்பதை யாவரும் அறிவர். கெயின்ஸ்பரோவிலிருந்து ஜாக்சன் உருளைகளும், பெல்பாஸ்ற் நகரிலிருந்து டேவிட்சனின் சிரோக்கோ உலர்த்திகளும் கப்பலேறி வந்து, மலைமேற் கொண்டுவரப்பட்டுப் பூட்டப்பட்டன. கவ்வாத்துக் கத்தியும் மண்வெட்டியும் அறிந்திருந்த மக்களிடையே நீராவியும், பல்சக்கரமும், தோற்பட்டையும் வந்து சேர்ந்தன.

யந்திரம் இருந்தால் அதனை ஓட்டுவாரும் திருத்துவாரும் வேண்டும். பிட்டர், எஞ்சின்காரர், ஆசாரி, கொத்தனார், லொறிச் சாரதி என்று ஒவ்வொரு பெருந்தோட்டத்திலும் கைவினைஞர் தோன்றினர். இவர்கள் எங்கே கற்றார்கள்? மூத்தவர் பக்கத்தில் நின்று கற்றார்கள். சாவி எடுத்துக் கொடுத்தும், எண்ணெய் விட்டும், திட்டு வாங்கியும் கற்றார்கள். பச்சைக் கொழுந்தின் நிறையில் முக்காற் பங்கிற்குக் குறையாத பகுதி நீரே. நாலரை முதல் ஐந்து கிலோ வரையான கொழுந்து சுருங்கி ஒரு கிலோ தேயிலை ஆகின்றது. அந்நீரை எவ்வளவு, எவ்வளவு விரைவில், எந்தச் சூட்டில் அகற்றுவது என்பதே தேயிலைத் தொழிலின் நுட்பம். ஆடி ஆவணியில் ஊவாவில் வீசும் வறண்ட காற்றுத் தேயிலைக்குத் தனி மணத்தைத் தருவது உலகறிந்த செய்தி. அக்காற்று வீசும் நாளில் வாட்டுத் தட்டிலே கொழுந்தைக் கையாற் பிடித்துப் பார்த்துப் பதம் சொல்லவும், புளிக்கவைத்த இலையை மூக்கால் அறிந்து உலர்த்திக்கு அனுப்பும் நேரம் குறிக்கவும் வல்லவர்கள் நம் முன்னோருள் இருந்தனர்.

இப்பள்ளிக்கூடத்திற்கு நேர அட்டவணை இல்லை, பரீட்சை இல்லை, ஆதலாற் பத்திரமும் இல்லை. தோட்டத்து எல்லையைத் தாண்டிய அன்றே அவர்களுடைய திறமை பெயரற்றதாகிவிட்டது. 1964ஆம் ஆண்டு அக்டோபரிற் செய்யப்பட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்றும், 300,000 பேரை இங்கே ஏற்பது என்றும் எழுதிற்று. அவ்வொப்பந்தப்படி தலைமன்னாரிற் கப்பலேறியவர்களுள் யந்திரம் அறிந்தவர்களும் மரவேலை வல்லவர்களும் இருந்தனர். அவர்கள் கையிற் கடவுச்சீட்டு இருந்தது; இருபது முப்பது ஆண்டு பழகிய தொழிலுக்குச் சாட்சி சொல்லும் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. புதிய ஊரிலே அவர்கள் மீண்டும் கூலிகளாகத் தொடங்கவேண்டியிருந்ததில் வியப்பென்ன?

தோட்டப் பாடசாலை

மறுபுறத்தில் ஏட்டின் கதையைப் பார்ப்போம். 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம், தோட்டத்திலுள்ள ஆறு முதற் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்டத்துரையிடம் ஒப்படைத்தது. 1920ஆம் ஆண்டுச் சட்டம் அப்பொறுப்பை மேலும் இறுக்கிற்று. சட்டம் ஏட்டில் இருந்த அளவுக்கு நாட்டில் இல்லை. ஓர் ஆசிரியர், ஓர் அறை, பல வகுப்பு என்பதே தோட்டப் பாடசாலையின் பொது இலக்கணமாயிற்று. எழுத்தும், வாசிப்பும், சிறிது கணக்கும் அங்கே கற்பிக்கப்பட்டன. பத்து வயதின் பின் பிள்ளை கொழுந்துக் கூடையையோ மண்வெட்டியையோ நாடிச் சென்றது.

படித்த பிள்ளை மலையில் வேலை செய்யான் என்ற அச்சம் அக்காலத் துரைமாரிடையே பரவலாக இருந்தது. அவ்வச்சம் இருக்கும் இடத்திற் பாடசாலை வளரும் என்று எதிர்பார்த்தல் எங்ஙனம்? 1945ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் கன்னங்கரா அவர்களின் இலவசக் கல்வித் திட்டம் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபோதும், தோட்டப் பாடசாலை தோட்டத்தின் பாடசாலையாகவே இருந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோதும், பெரும்பாலான தோட்டப் பாடசாலைகள் அவ்வலைக்குள் அகப்படவில்லை. 1970களிற் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்களே அரசுடைமையான பின்னர்தான், 1977 முதல், அவை படிப்படியாக அரசாங்கப் பாடசாலைகளாயின. இலவசக் கல்வி நாட்டுக்கு வந்து முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர் நம் லயத்து வாசலுக்கு வந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

ஆக, ஸ்டோரிலே எழுத்தில்லாத தொழில். பாடசாலையிலே தொழிலில்லாத எழுத்து. இரண்டு கட்டிடங்களுக்கும் இடையே சில நூறு யார் தூரமே இருந்த தோட்டங்கள் பல. அச்சிறு தூரத்தைக் கடக்க ஒரு நூற்றாண்டு போதவில்லை.

மிஷனரிமார் செய்த முயற்சி

இவ்விரண்டையும் இணைக்க முயன்றவர் ஊவாவில் எவருமே இலர் எனல் பொருந்தாது. மிஷன் பாடசாலையிற் படித்த என்போன்றோர் நன்றியுடன் நினைக்க வேண்டிய பெயர் ஒன்றுண்டு. 1880களிலே ஊவாவுக்கு வந்த வெஸ்லியன் பாதிரியார் சாமுவேல் லாங்டன், தியத்தலாவைக்கு அண்மையிலுள்ள ஹாப்பி வெலி என்னும் இடத்தில், ஆதரவற்ற சிறுவருக்கு எழுத்தும் கைத்தொழிலும் சேர்த்துப் பயிற்றும் இல்லமொன்றை அமைத்தார். அதனைப் பற்றி அவர் எழுதிய நூல் 1890இல் வெளிவந்தது. 1900ஆம் ஆண்டில் தென்னாபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட போயர் போர்க்கைதிகளின் பெருமுகாம் தியத்தலாவையில் அமைந்தபின், அவ்வட்டாரம் படையினரின் இடமாகவே பெயர் பெறலாயிற்று.

மதம் பரப்பும் நோக்கம் மிஷனரிமாருக்கு இருந்தது என்பதை நாம் மறக்க வேண்டியதில்லை. ஆயினும் அநாதைச் சிறுவன் கையில் ஏட்டையும் உளியையும் ஒருங்கே கொடுக்க வேண்டும் என்று அன்றே கண்டது அவர்கள் பெருமை. அவர்கள் செய்ததை நாம் ஏன் செய்யவில்லை என்று கேட்டுக்கொள்வதும் ஓர் இந்து இளைஞர் மன்றத்துக்கு அழகே.

நாட்டிற் பிறந்த கல்லூரிகள்

மலைக்கு வெளியே தொழினுட்பக் கல்வி மெல்ல வளர்ந்துகொண்டிருந்தது. மருதானையிலே 1893இல் இலங்கைத் தொழினுட்பக் கல்லூரி தொடங்கியது. கல்லோயாத் திட்டத்தை ஒட்டி அம்பாறையில் 1956இல் ஹார்டி நிறுவனம் எழுந்தது. 1959இல் ஜெர்மன் நாட்டின் துணையுடன் தொழினுட்பப் பயிற்சி நிலையம் ஒன்று ஏற்பட்டது. 1960இல் கட்டுபெத்தையில் அமைந்த செயல்முறைத் தொழினுட்ப நிறுவனமே பின்னாளில் மொறட்டுவைப் பல்கலைக்கழகமாக மலர்ந்தது.

1969ஆம் ஆண்டில் மற்றொரு புதுமுயற்சி நடந்தது. பல்கலைக்கழகத்தில் இடங்கிடையாத உயர்தர மாணவர்க்கு, இரண்டு ஆண்டிலே தொழிலோடு பொருந்திய டிப்ளோமாக் கல்வி அளிப்பதற்கென இளைய பல்கலைக்கழகக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அமெரிக்காவின் இரண்டாண்டுக் கல்லூரிகளை ஒத்த இம்முயற்சி, 1970இல் ஆட்சி மாறியபின் நெடுநாள் நிலைக்கவில்லை. 1971ஆம் ஆண்டு ஏப்ரலில் வெடித்த கிளர்ச்சி, படித்தும் வேலையற்றிருந்த கிராமத்து இளைஞரின் மனக்கொதிப்பை நாடறியச் செய்தது. 1972இற் பாடத்திட்டம் மாற்றப்பட்டு, பொதுப் பாடங்களோடு தொழில் முன்னிலைப் பாடங்களும் எல்லா மாணவர்க்கும் கட்டாயமாக்கப்பட்டன. ஊரிலுள்ள தொழிலை வகுப்பறைக்குள் கொண்டுவந்த அத்திட்டம் 1977இற் கைவிடப்பட்டது.

இவ்வாண்டைச் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும். தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு வரத் தொடங்கியதும் 1977. ஏட்டையும் கருவியையும் ஒன்றுசேர்த்த திட்டம் மறைந்ததும் 1977. நாம் வாசலில் நுழைந்த வேளையில் விளக்கை அணைத்தாற்போல் ஆயிற்று.

இதற்கெல்லாம் மேலாக மற்றொரு பூட்டும் இருந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நம்மவருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். குடியுரிமை இல்லாதவர்க்கு அரசாங்க உத்தியோகம் இல்லை. அரசாங்கமே பெருந்தொழில் அளிப்பவராக விளங்கிய அந்நாளில், பயிற்சி பெற்றாலும் அதனாற் பயனென்ன என்ற சோர்வு ஏற்பட்டது இயல்பே. 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களால் அப்பூட்டுத் திறந்தது. 1956இல் சிங்களம் மட்டும் என்றிருந்த அரசகரும மொழிச் சட்டம், 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தால் தமிழுக்கும் இடம் தந்தது. சட்டம் கதவைத் திறந்துவிட்டது. கடந்து செல்லும் கால்கள் நம்முடையனவாதல் வேண்டும்.

பெரியோரின் அச்சம்

தொழிற்கல்வி என்றவுடன் நம் பெரியோர் முகஞ் சுளிப்பதைக் காண்கின்றோம். "நாங்கள் பட்டது போதும், பிள்ளையாவது கையில் அழுக்குப்படாத உத்தியோகம் பார்க்கட்டும்" என்பது அவர்கள் வாக்கு. இவ்வாக்கை இளைஞர் ஏளனம் செய்தல் கூடாது. நூற்றைம்பது ஆண்டு வலியின் குரல் அது. தமிழ்நாட்டு வரலாறும் அவ்வச்சத்துக்கு ஒரு சான்று தருகின்றது.

1953ஆம் ஆண்டிற் சென்னை மாநில முதலமைச்சராயிருந்த இராஜாஜி, கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்திற் பிள்ளைகள் வீட்டிலே தந்தையின் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் சூட்டி மக்கள் அதனை எதிர்த்தனர். நாவிதன் மகன் நாவிதனாகவும், வண்ணான் மகன் வண்ணானாகவும் இருப்பதற்கே இது வழி என்று கொதித்தனர். 1954இல் இராஜாஜி பதவி விலக, அடுத்து வந்த காமராஜர் அத்திட்டத்தைக் கைவிட்டார். அதற்கு முன் 1937இல் வார்தாவிலே காந்தியடிகள் வகுத்த ஆதாரக் கல்வியும், 1930களில் நம் நாட்டு ஹந்தெஸ்ஸயில் நடந்த கிராமியக் கல்வி முயற்சியும் கைத்தொழிலைக் கல்வியின் நடுவே வைத்தவையே. அவற்றின் நோக்கம் உயர்ந்தது. ஆயினும் ஏழைக்கு ஒரு கல்வி, செல்வனுக்கு ஒரு கல்வி என்று பிரிந்துவிடுமோ என்ற ஐயம் மக்களை விட்டு நீங்கவில்லை.

இவற்றிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? தொழிற்கல்வி வேறு, குலத்தொழிற் கல்வி வேறு. தந்தை நின்ற இடத்திலேயே மகனை நிறுத்தும் கல்வி வேலி. தந்தை நின்ற இடத்திலிருந்து மகனை மேலே ஏற்றும் கல்வி ஏணி. வேலியையும் ஏணியையும் வேறுபடுத்துவது எது? பொதுக் கல்வியே. மொழியும், கணிதமும், விஞ்ஞானமும், தன் உரிமையை அறியும் அறிவும் சேர்ந்தாற் பிட்டர் நாளை மேற்பார்வையாளர் ஆகலாம். பின்னர்ப் பொறியியலாளரும் ஆகலாம். அவை சேராவிட்டால் எவ்வளவு கைத்திறன் இருந்தும் பிறர் எழுதிய கட்டளையை நிறைவேற்றுபவராகவே இருப்பார்.

நமது சமயமும் இதற்கு மாறானதன்று. நவராத்திரியின் ஒன்பதாம் நாளன்று சரஸ்வதி பூசையும் ஆயுத பூசையும் ஒருங்கே நிகழ்கின்றன. அன்று பிள்ளையின் பாடப் புத்தகத்துக்கும் சந்தனம்; பெரியவரின் சாவிக்கும் உளிக்கும் சந்தனம். ஸ்டோரிலுள்ள உருளைக்கும் மாலை இடுகின்றோம். ஏடு உயர்ந்தது, கருவி தாழ்ந்தது என்று கலைமகள் பிரித்துப் பார்த்தாளில்லை, பிரித்தவர் நாமே. 1897ஆம் ஆண்டு ஜனவரி 15ஆந் தேதி கொழும்பிலே கரையிறங்கிய சுவாமி விவேகானந்தர், அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் யப்பானிலிருந்து அமெரிக்கா செல்லும் கப்பலில் ஜாம்ஷெட்ஜி தாதாவுடன் பயணஞ் செய்தார். 1898இல் ஆராய்ச்சி நிலையம் அமைக்கும் எண்ணத்தோடிருந்த தாதா, அத்துறவிக்கே கடிதம் எழுதித் துணை வேண்டினார். 1909இல் அந்நிலையம் உருப்பெற்றது. விஞ்ஞானமும் தொழிலும் ஆன்மிகத்துக்குப் புறம்பானவை அல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

சமுதாயக் கல்லூரி

ஏட்டையும் கருவியையும் ஒன்றுசேர்க்க உலகம் கண்ட வழிகளுட் சிறந்தது சமுதாயக் கல்லூரி. அமெரிக்காவில் இல்லினோய் மாநிலத்து ஜோலியெற் நகரில் 1901ஆம் ஆண்டிலே தொடங்கிய இரண்டாண்டுக் கல்லூரி அதன் முன்னோடி. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய இளைஞர் கூட்டங்கூட்டமாகக் கல்வி நாடிய வேளையில், ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த ஆணைக்குழு, 1947இல் அத்தகைய கல்லூரிகள் நாடெங்கும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஊருக்கு அண்மையில் இருத்தல், குறைந்த கட்டணம், வேலை செய்வோருக்கு மாலை வகுப்பு, ஒரே வளாகத்திற் பற்றவைப்பும் மின்வேலையும் கற்பிக்கும் பட்டறை, அதற்குப் பக்கத்திலேயே மொழியும் கணிதமும் வரலாறும் கற்பிக்கும் வகுப்பறை என்பன அதன் இலக்கணம். பட்டறையில் இருப்பவன் வகுப்பறைக்குச் செல்லலாம். விரும்பினால் அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கும் ஏறலாம்.

தமிழ் வழங்கும் நிலத்திலும் இவ்விதை விழுந்தது. பள்ளிப் படிப்பை முடிக்காத ஜி. டி. நாயுடு அவர்களின் முயற்சியால் 1945இற் கோயம்புத்தூரில் ஒரு பொலிடெக்னிக் தோன்றியதை அதன் முன்னறிகுறியாகக் கொள்ளலாம். 1995இற் புதுவைப் பல்கலைக்கழகம் ஒரு சமுதாயக் கல்லூரியைத் தொடங்கிற்று. 1996இற் சென்னை – மயிலை மறைமாவட்டம், இயேசு சபைப் பாதிரியார் சேவியர் அல்போன்சு அவர்களின் வழிகாட்டலில் மற்றொன்றைத் தொடங்கிற்று. பள்ளியை இடையில் விட்டவர்களும் ஏழைப் பெண்களும் அங்கே சேர்க்கப்பட்டனர். தொழில் மட்டும் கற்பித்தால் அவர்கள் நிலைக்கமாட்டார்கள் என்பதை உணர்ந்து, வாழ்க்கைத் திறனும் மொழியும் முதலிற் கற்பித்து, பின்னர்த் தொழில் கற்பித்து, அதன்பின் வேலைத்தலத்திற் பழக அனுப்பினர். முதலிலே மனிதனுக்குத் தன்மேல் நம்பிக்கை, அடுத்துக் கையிலே தொழில் என்ற அவ்வரிசையை நாம் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

இன்று நம் கைக்கெட்டியவை

இலங்கையிற் சமுதாயக் கல்லூரி என்ற பெயர் பரவவில்லை. ஆயினும் அதன் உறுப்புகள் ஒவ்வொன்றாக அமைந்து வருகின்றன. 1990ஆம் ஆண்டின் மூன்றாம் நிலை, தொழிற்கல்விச் சட்டம் பயிற்சி நிலையங்களை ஒழுங்குக்குக் கொண்டுவந்தது. 1995இல் தொழிற் பயிற்சி அதிகாரசபை ஏற்பட்டது. 2004இல் தேசிய தொழில் தகைமை என்ற ஏழு படி அமைப்பு வந்தது. முதல் நான்கு படிகள் சான்றிதழ். ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழாம் படி பட்டம். மாகாணத்துக்கு ஒன்றாக அமைந்த தொழினுட்பவியற் கல்லூரிகளுள் ஊவாவுக்குரியது பதுளையில் உள்ளது. ஏழாம் படிக்குரிய தொழினுட்பப் பல்கலைக்கழகம் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் இரத்மலானையில் நிறுவப்பட்டது. 2005இற் பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் பிறந்தது; தேயிலைத் தொழினுட்பத்துக்கென்றே அங்கே ஒரு பட்டப் படிப்பு உண்டு. நம் பாட்டனார் மூக்கால் அறிந்ததைப் பேரன் ஆய்வுகூடத்தில் அறியும் காலம் வந்துவிட்டது. உயர்தரத்தில் 2013இல் தொழினுட்பப் பிரிவும் சேர்க்கப்பட்டது. தோட்டத்தை எடுத்துக்கொண்டால், ஹட்டனில் உள்ள தொழிற் பயிற்சி நிலையமும், ஜெர்மன் உதவியோடு கொட்டகலைப் பத்தனையில் எழுந்த ஸ்ரீபாதக் கல்வியியற் கல்லூரியும் நம் சமூகம் கேட்டுப் பெற்றவை.

இவை அனைத்திலும், நம் பெரியோருக்கு மிகவும் உகந்த ஏற்பாடு ஒன்றுண்டு. அது பலருக்குத் தெரியாதிருப்பதே கவலைக்குரியது. வகுப்பறைக்கே செல்லாது, வேலைத்தலத்திற் பல்லாண்டு பழகித் தொழில் அறிந்த ஒருவர், தம் திறமையை மதிப்பீட்டாளர் முன் செய்துகாட்டித் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழைப் பெறலாம். முன்கற்றலை அங்கீகரித்தல் என்பது அதன் பெயர். ஸ்டோரில் முப்பது ஆண்டு யந்திரம் திருத்தியவர், வீடுகளுக்கு மின்கம்பி இழுத்தவர், சுவர் எழுப்பியவர், லொறியின் எஞ்சினைக் கழற்றிப் பூட்டியவர் ஆகியோர் தம் தொழில் அவ்வமைப்பிற் சேர்க்கப்பட்டிருப்பின் விண்ணப்பிக்கலாம். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி கப்பலேறியவர்க்குக் கிடைக்காத அத்துண்டுக் காகிதம் இன்று கிடைக்கும். உரிய துறையில் நான்காம் படியை எட்டியவர்க்கு அதற்கு மேலுள்ள டிப்ளோமாவுக்கும் வழி உண்டு. ஏணி நாட்டப்பட்டுவிட்டது, ஏறுவோர் குறைவு.

ஏன் குறைவு? விண்ணப்பம் வெளிவரும் நாள் தோட்டத்துக்குத் தெரிவதில்லை. பயணச் செலவு ஒரு தடை. சிங்களமும் ஆங்கிலமும் தெரியாத தயக்கம் மற்றொரு தடை. எல்லாவற்றிலும் பெரிய தடை, கணிதத்திலும் மொழியிலும் உள்ள பலவீனம். தொழில் கற்க வந்தவன் அளவு நாடாவைப் படிக்கவும், வரைபடத்தை விளங்கவும், மதிப்பீடு எழுதவும் இயலாது இடையில் நின்றுவிடுகின்றான். மீண்டும் அதே பழங்கதை: கருவி உண்டு, ஏடு இல்லை. பெண்களின் நிலை இன்னுங் கடினம். தேயிலைப் பொருளாதாரத்தைத் தலையிலே தாங்குவோர் கொழுந்து கொய்யும் பெண்கள். அவர்தம் மகளுக்குத் தையல் ஒன்றே தொழிற்கல்வி என்று நாமே எல்லை வகுத்துவிடுகின்றோம். கணினியும், மின்னியலும், உணவுத் தொழினுட்பமும் அவளுக்கும் உரியவை.

மன்றம் செய்யத்தக்கவை

வரலாறு படிப்பது பெருமூச்சு விடுவதற்கு அன்று. நம் மன்றம் பெரும் பொருட்செலவின்றிச் செய்யத்தக்க பணிகள் நான்கு உள.

முதலாவது, ஒவ்வொரு தோட்டத்திலும் பத்திரமில்லாத கைவினைஞர் யார் யார் என்று பட்டியல் எழுதி, அவர்களைத் தகைமை மதிப்பீட்டுக்கு அழைத்துச் செல்லல். தந்தையின் கையிற் சான்றிதழைக் காணும் மகன் அத்தொழிலை இழிவாக எண்ணான்.

இரண்டாவது, பதுளையிலும் அயலிலும் உள்ள கல்லூரிகளிற் புதிய பாடநெறிகள் எப்பொழுது தொடங்குகின்றன, அவற்றுள் எவை தமிழ் மூலம் நடக்கின்றன, தகுதி யாது என்பவற்றை ஆண்டுதோறும் நேரிற் கேட்டறிந்து, கோயில் முன்றிலிலும் ஸ்டோர் வாசலிலும் எழுதி ஒட்டுதல். தமிழ் மூலம் இல்லாத பாடநெறிக்கு மாணவர் தொகையைக் காட்டி எழுத்து மூலம் வேண்டுகோள் விடுத்தல். கேட்பார் இல்லாத இடத்திற் கொடுப்பார் இரார்.

மூன்றாவது, மாலை வகுப்பு. இலக்கியமும் சமயமும் போதிக்கும் நம் மண்டபத்திலேயே வாரத்தில் இரண்டு நாள் கணிதம், வரைபட வாசிப்பு, சிங்களம், ஆங்கிலம் ஆகியவற்றைக் கற்பித்தல். பல்கலைக்கழக மாணவரும் இளைப்பாறிய ஆசிரியரும் மனம் வைத்தால் இதற்குச் செலவே இல்லை. பட்டறையைக் கட்ட நம்மால் இயலாது. பட்டறைக்குச் செல்வோரை ஆயத்தஞ் செய்ய இயலும். தொழிற்கல்வியின் குறைபட்ட பாதியை நாமே நிறைவு செய்யலாம்.

நான்காவது, இவை எல்லாவற்றிலும் பெண்களுக்குச் சம இடம் கொடுத்தல். மாலை வகுப்பு முடிந்து அவர்கள் வீடு திரும்பத் துணை செல்வதும் இளைஞர் கடமையே.

பெரியோர்களே! உங்கள் பிள்ளையின் கையில் அழுக்குப்படலாகாது என்று எண்ணியது உங்கள் அன்பு. ஆயின் அழுக்கு இழிவு தருவதில்லை. அறியாமையும், பிறர் சொற்படி மட்டுமே வாழ வேண்டிய நிலையும் இழிவு தருவன. கல்வியோடு கூடிய கை எண்ணெய் பட்டாலும் தலைநிமிர்ந்த கையே. இளைஞர்களே! உத்தியோகம் வரும் வரை சந்தியில் நின்று காத்திருக்கும் ஆண்டுகள் மீண்டும் வாரா. கொழும்புக் கடைக்குச் செல்வதானாலும், கடல்கடந்து செல்வதானாலும், இங்கேயே நிற்பதானாலும், தொழிலும் அதனை விளக்கிச் சொல்லும் மொழியும் உடையவராய்ச் செல்லுங்கள்; நில்லுங்கள்.

மலையைச் சுற்றிப் பாதை இட்டவர் நம் முன்னோர். அப்பாதையிற் பயணிப்பதோடு அமையாது, அதனை அளக்கவும் வரையவும் திருத்தவும் வல்லவராதல் நம் கடன். ஏட்டையும் கருவியையும் இணைபிரியாது ஏந்தி நம் ஊர் இளைஞர் உயர்வாராக!